தட்டுப் பெரட்டு

கிஷாந்த் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்குத் திரும்பி வந்தபின் உயிரோடு இருந்தது அறுபத்தொரு மணித்தியாலம். செவ்வாய் காலை ஆறு மணியிலிருந்து வியாழன் மாலை ஏழு மணி வரை.

அவன் வந்தபோது நான் பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் செருப்புச் சத்தம் வந்தது. ஒற்றைச் செருப்பு. மற்றக் கால் வெறுங்கால். கொழும்பில் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறியில் பொல்பிட்டிய வரை வந்திருக்கிறான். அங்கே பொலிஸார் மறித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு இறங்கி, மீதித் தூரத்தை இரவு முழுவதும் மழையில் நடந்திருக்கிறான்.

"சுலக்ஷனா, சொகமா?" என்றான்.

பிறகு இருமினான்.

அந்த ஓர் இருமல் லயம் முழுவதும் கேட்டது. எங்கள் லயத்தில் ஆறு காம்பராக்கள், மேலே ஒரே தகரக் கூரை. இடைச்சுவர்கள் கூரை வரை போவதில்லை. மேலே ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறு வீடும் தும்மும்.

முதலாம் காம்பரா அவனுடையது. தாயும் தகப்பனும் போனபிறகு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. ஆறாவது எங்களுடையது. அம்மாவும் நானும்.

அன்று காலையே இரண்டாம் காம்பரா முத்துலிங்கம் பலகையும் ஆணியும் கொண்டுவந்தார். கிஷாந்த் உள்ளே போனதும் வெளியிலிருந்து கதவில் பலகை வைத்து ஆணி அறைந்தார். ஜன்னலில் சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டார்.

"பதினாலு நாள் உள்ள கெடடா. செத்துற மாட்ட."

"நல்லா அடிங்கண்ணே," என்று உள்ளேயிருந்து சிரித்தான் கிஷாந்த். "கொழும்புல இதுல பாதி ரூம்புல ஏழு பேரு படுத்தோம். இது எனக்கு பங்களா."

அப்போது எல்லோரும் சிரித்தார்கள். முத்துலிங்கமும் சிரித்தார்.

பின்னேரம்தான் வீரம்மா அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். மூன்றாம் காம்பராவில் தனியாக இருப்பவர். "கதவ அடைச்சிட்டீங்க. மேல காத்து வருதே, அத என்ன பண்ணுறது?"

ஆளுக்கொரு படங்கை எடுத்துவந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டும் சாக்கு. அதை மடித்து இடைச்சுவருக்கும் கூரைக்கும் நடுவே திணித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் திணித்தார்கள். அம்மாவும் நாற்காலியில் ஏறித் திணித்தாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

காற்று போகாவிட்டால் புகையும் போகாது. எனக்கு அது தெரியும். நான் விஞ்ஞானப் பட்டதாரி. சொல்லவில்லை.

புதன்கிழமை அவனுக்கு ரொட்டி கொண்டுபோனேன். காலித் தட்டைத் திருப்பித் தந்தபோது அதில் ஒரு சிம் அட்டை இருந்தது. அவனுடைய தொலைபேசி மழையில் நனைந்து செத்துவிட்டது.

"ஒன் போன்ல ரெண்டு சிம் போடலாம்ல? இத போட்டு வையி. ஞாயித்துக்கிழம கடையில எல்லாருக்கும் மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்க. ரிசல்ட் இந்த நம்பருக்குத்தான் வரும்."

"ம்."

"வந்த ஒடனே கத்திச் சொல்லு, என்ன? நல்லதா இருந்தா முத்துலிங்கம் அண்ணன் கையாலயே ஆணியப் புடுங்கணும். கெட்டதா இருந்தாலும் சொல்லு. ஆஸ்பத்திரிக்காவது போறேன்."

"ம்."

"நீ எங்க கத்தப்போற. பள்ளிக்கூடத்துல பேரு கூப்புட்டாலே ஒனக்கு வாய் வராது." ஜன்னல் இடுக்கில் அவன் பற்கள் தெரிந்தன. "இந்த ஒரு தடவ கத்திரு."

வியாழன் பிற்பகல் மூன்று பத்துக்கு அந்தச் செய்தி வந்தது.

இரண்டு முறை வாசித்தேன். வெளியே வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. முத்துலிங்கமும் நாலாம் காம்பரா நிரோஷனும் இன்னும் சிலரும் வாசலில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த டிவிஷனில் நாலு பேருக்குக் காய்ச்சலாம். எல்லாம் இவன் வந்த வழியில் கொட்டிவிட்டு வந்ததுதானாம்.

முத்துலிங்கம் என்னைப் பார்த்தார். "என்ன புள்ள? படிச்சவ, நீ என்ன சொல்லப்போற?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒன்னுமில்லண்ணே," என்றேன்.

உள்ளே வந்து தொலைபேசியை அரிசிப் பானைக்குள் வைத்தேன். மழை விட்டதும் சொல்லலாம். அவர்கள் கலைந்ததும் சொல்லலாம். அம்மாவிடம் சொல்லி அம்மாவைச் சொல்ல வைக்கலாம். அம்மா கொழுந்து மலையிலிருந்து வர ஐந்தரை ஆகிவிட்டது. நனைந்து, பசியோடு வந்தாள். சாப்பிடட்டும் என்று இருந்தேன்.

ஆறேகாலுக்கு மின்சாரம் போனது. அந்த நேரம் கிஷாந்த் உள்ளே அடுப்பு மூட்டியிருக்கிறான். ஈரவிறகு. கதவில் ஆணி, ஜன்னலில் பலகை, மேலே படங்கு.

முதலில் கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. "பொகையா இருக்கு! தொறங்க!"

யாரும் போகவில்லை. ஏமாற்றுகிறான் என்றார்கள்.

உதை நின்றது. பிறகு மேலே தகரத்தில் ஏதோ உரசியது. சாக்கு கிழிந்தது.

அவன் முதல் சுவரைத் தாண்டிவிட்டான்.

"வந்துட்டான்! மேலால வந்துட்டான்!" முத்துலிங்கம் கத்தினார். கீழிருந்து அவர் மட்டக்கம்பை வீசினார். கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பு. அது கால் எலும்பில் பட்டதை நான்கு சுவருக்கு அப்பால் நான் கேட்டேன்.

"அடிக்காதீங்கண்ணே! சுலக்ஷனாகிட்ட கேளுங்க! ரிசல்ட் அவகிட்ட இருக்கு!"

அவன் திரும்பிப் போகவில்லை. திரும்பினால் புகை. அடுத்த படங்கு கிழிந்தது. மூன்றாம் காம்பராவில் வீரம்மா அக்கா அடுப்பிலிருந்த கேத்தலைத் தூக்கிக் கொதிநீரை அவன் முகத்தில் வீசினார். அந்த அலறலில் நாய்கள் ஊளையிட்டன. நாலாம் சுவரை அவன் கையால் பற்றியபோது நிரோஷன் இரும்பு அலவாங்கால் விரல்களைக் குத்தினான். ஐந்தாம் காம்பராவில் வீரய்யா தாத்தா ஸ்டூலில் ஏறி அவன் கணுக்காலைப் பிடித்துத் தொங்கினார். அவன் உதறினான்.

இருட்டில் என் பெயர் ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தது.

"சுலக்ஷனா."

"சுலக்ஷனா."

எங்கள் வீட்டுப் படங்கு கிழிந்தது. அவன் சுவரிலிருந்து வழுக்கி என் காலடியில் விழுந்தான். புகைவாடை. வெந்த தோலின் வாடை. உடைந்த விரல்களால் என் கையைப் பிடித்தான். முகம் என் முகத்துக்கு அருகே வந்தது. இருமினான்.

"ரிசல்ட் வந்துச்சா?"

வாயைத் திறந்தேன். சொல் நாக்கில் இருந்தது.

அம்மா என் பின்னாலிருந்து வந்தாள். தேயிலைச் செடியைக் கழிக்கும் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி சுவரில்தான் எப்போதும் மாட்டியிருக்கும். அவள் ஒரே வெட்டுத்தான் வெட்டினாள். இடது காதுக்குக் கீழே, கழுத்தில்.

அப்போது ஏழு மணி.

கூரைத் தகரம் வெட்டிவிட்டது என்று எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். தப்பி ஓட ஏறினான், விழுந்தான், தகரம் வெட்டிவிட்டது. உடம்பு முழுவதும் வெள்ளை உடுப்பால் மூடியவர்கள் வந்தார்கள். யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. பையில் போட்டு ஸிப்பை இழுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை எங்கள் டிவிஷனையே மூடிவிட்டார்கள். அடுத்த டிவிஷன் காய்ச்சலால்தான் மூடினார்கள். ஆனால் லயத்தில் எல்லோரும், "பாத்தீங்களா, அவனுக்கு இருந்திருக்கு" என்றார்கள். அப்படிச் சொன்னபோது அவர்கள் முகம் தெளிந்தது.

அம்மா மட்டும் கேட்டாள். "அந்த சிம்முக்கு ஏதும் வந்துச்சா?"

"இல்லம்மா."

வேலை இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பேர் கொடுக்கவும் வழியில்லை. ஆனால் நிவாரண அரிசிக்குத் தலைக்கணக்கு வேண்டும். செல்லசாமி கங்காணி ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலை ஆறரைக்கு, மேலே ரோட்டில் நின்று காம்பரா இலக்கத்தைக் கூப்பிடுவார். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை முறை தகரத் தட்டில் தட்ட வேண்டும். தட்டுப் பெரட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை முதல் பெரட்டு. மூட்டத்தில் கங்காணியின் உருவம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"ரெண்டாம் காம்பரா!"

முத்துலிங்கமும் மனைவியும். டங். டங்.

டங்.

"என்னா முத்துலிங்கம், ஒரே ராத்திரியில புள்ள பெத்துட்டியா?" கங்காணி மேலேயிருந்து கேட்டார். லயமே சிரித்தது. வியாழனுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"நான் ரெண்டுதான் தட்டுனேன் கங்காணி," என்றார் முத்துலிங்கம். அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டில் புதிதாகத் திணித்த படங்கு கீழே விழுந்து கிடந்ததாம்.

மத்தியானம் அவர் பீலியடியில் கால் கழுவினார். நல்ல வெளிச்சம். சுற்றி நாங்கள் நாலைந்து பேர் வாளியோடு நின்றோம். யாரும் அவருக்கு அருகில் இல்லை. கவ்வாத்துக் காலத்தில் காய்ந்த வாது முறியும் சத்தம் ஒன்று கேட்டது. முத்துலிங்கம் தன் காலைக் குனிந்து பார்த்தார். முழங்காலுக்குக் கீழே அது பக்கவாட்டில் மடிந்திருந்தது. எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. அதன்பிறகுதான் அவர் கத்தினார்.

வழுக்கி விழுந்தார் என்று எழுதி, மாவுக்கட்டுப் போட்டு மறுநாளே திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் இடமில்லை.

ஞாயிறு காலை வீரம்மா அக்கா தட்டில் ஒருமுறை தட்டினார். இரண்டு முறை கேட்டது. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அக்கா அன்று அடுப்பே மூட்டவில்லை. கேத்தலை வெளியே எறிந்துவிட்டார். வெயில் சாய்ந்தபோது பச்சைத்தண்ணீரை இரு கையிலும் அள்ளி முகம் கழுவினார்.

முகத்திலிருந்து ஆவி எழுந்தது.

கன்னத்துத் தோல் அவர் விரலோடு வந்தது. வாளித் தண்ணீரில் நான் கைவைத்துப் பார்த்தேன். பனிக்கட்டிபோல் சில்லென்று இருந்தது.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் வாய்விட்டுச் சொன்னது நிரோஷன்தான். திங்கள் காலை அவன் வீட்டுத் தட்டு மூன்று முறை ஒலித்த பிறகு. அவனும் மனைவி வினோதாவும் இரண்டே பேர்.

"அவன் வந்த வழியிலயே வர்றான். வரிசையா வர்றான். யாரு எங்க அடிச்சாங்களோ அங்கயே அடிக்கிறான்."

"கைய ஒளிச்சு வையுங்களேன்," என்று அழுதாள் வினோதா.

அவள் அவன் வலக்கையைத் துணியால் சுற்றி, அதன்மேல் உரச்சாக்கைச் சுற்றி, தன் மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். பகல் முழுவதும் அப்படியே இருந்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று மணிக்கு மேல் அந்தச் சாக்குப் பொட்டலம் தானாக ஒருமுறை அதிர்ந்தது. பிறகு இன்னொரு முறை. மேலேயிருந்து கனமான எதையோ இறக்குவதுபோல. மூன்றாம் முறை அதிர்ந்தபோது சாக்கு தட்டையானது. சிவப்பு அவள் மடியில் பரவியது.

நிரோஷன் மயங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"அவன் ஒன்னு கேட்டான் தங்கச்சி," என்றான். "ஒவ்வொரு குத்துக்கும் முன்னால கேட்டான். எனக்குப் பதில் தெரியல."

"என்ன கேட்டான்?" என்றாள் அம்மா.

நிரோஷன் என்னையே பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை வீரய்யா தாத்தா பெரட்டுக்கு முன்பே வாசலில் வந்து நின்றார். "நான் அடிக்கல," என்று மூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "புடிச்சேன், அவ்வளவுதான். கேட்டுக்க தம்பி. புடிச்சேன், அவ்வளவுதான்." தட்டில் ஒருமுறை தட்டினார்.

மறுபடி ஒலித்தது.

அவரை அவன் அடிக்கவும் இல்லை. பிடித்தான். உள்ளே கட்டிலில் உட்கார்ந்தவர் கணுக்காலில் பிடித்து மேலே இழுக்கப்பட்டார். கதவு வழியாக நாங்கள் பார்த்தோம். இடைச்சுவரின் உச்சிக்கு ஒரு முழம் கீழே, தலைகீழாக, எதிலும் கட்டப்படாமல் தொங்கினார். சாரம் முகத்தை மூடியிருந்தது. இரண்டு ஆண்கள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர் இறங்கவில்லை. கணுக்காலைச் சுற்றி ஐந்து இடங்களில் சதை உள்ளே அமுங்கிக்கொண்டே போனது. எலும்பு நொறுங்கிய பிறகுதான் விட்டான். விழுந்தபோது தாத்தாவுக்கு மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. அதன்பிறகு அவர் பேசவேயில்லை.

இனி ஒரு காம்பராதான் மிச்சம்.

அன்று மாலை அம்மா குளித்தாள். சாமிப் படத்துக்கு விளக்கேற்றினாள். கம்பளித் துவாயைக் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். கவ்வாத்துக் கத்தியை வெள்ளிக்கிழமையே ஆற்றில் எறிந்துவிட்டாள். சுவரில் வெறும் ஆணி இருந்தது. அவள் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஹட்டனுக்குப் போயிருவோம். மலைக்குள்ளால எறங்குனா..."

"எங்க போனாலும் கழுத்து என்கூடத்தானே வரும்." சிரிக்கப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். அவன் பிடித்த அதே இடத்தில். "புள்ள, நான் அவன தூக்கித் திரிஞ்சவ. அவங்கம்மா மலைக்குப் போனா நான்தான் சோறு ஊட்டுவேன். ஆனா அவன் ஒன் மூஞ்சிமேல இருமுனான். அது ஒன்னுதான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

நான் சாமி விளக்கைப் பார்த்தேன்.

"அவனுக்கு நோய் இருந்துச்சுதானே? நீ படிச்சவ. சொல்லு. அது போதும் எனக்கு. ஒன்னையக் காப்பாத்தத்தான் பண்ணுனேன். அத நெனச்சுக்கிட்டே நான் போயிருவேன்."

அரிசிப் பானை எனக்கு எதிரே இருந்தது.

சொன்னால் அவன் போய்விடுவானா என்று எனக்குத் தெரியாது. அவன் கேட்பது அது ஒன்றைத்தான் என்று மட்டும் தெரியும். சொன்னால் அம்மாவிடம் எதுவும் மிஞ்சாது என்பதும் தெரியும்.

"தூங்குங்கம்மா," என்றேன்.

புதன் காலை ஆறு இருபத்தைந்து. மூட்டம் வாசற்படிக்கே வந்துவிட்டது. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. முத்துலிங்கம் மாவுக்கட்டுக் காலை நீட்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். வீரம்மா அக்காவின் முகம் முழுக்கக் கட்டு, ஒரு கண் மட்டும் தெரிந்தது. வினோதாவும் நிரோஷனும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். எல்லோரும் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கங்காணி இரண்டைக் கூப்பிட்டார். டங். டங். மூன்று. ஒருமுறை. நாலு. இரண்டு முறை. ஐந்தாம் காம்பராவுக்காக நிரோஷன் இடக்கையால் ஒருமுறை தட்டினான். எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது.

"ஆறாம் காம்பரா!"

இரண்டு முறை தட்டினேன். உடனே தட்டை வயிற்றோடு சேர்த்து இரு கையாலும் அழுத்திக்கொண்டேன். ஓசை செத்தது.

டங்.

என் கைகளுக்குள்ளேயே ஒலித்தது. வயிறு அதிர்ந்தது.

பின்னால் படங்கு விழுந்தது. ஈரவிறகின் புகைவாடை.

திரும்பினேன். அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். கழுத்துத் துவாய் சுற்றுச் சுற்றாகத் தானே அவிழ்ந்து தரையில் விழுந்தது. இடது காதுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. நூல்போல மெல்லியது. அது விரலளவு நீண்டது. மெதுவாகத்தான் நீண்டது. அவசரமே இல்லை. அதிலிருந்து ஒரு துளி இறங்கி அவள் சட்டைக் கழுத்தில் ஊறியது.

சுவரின் உச்சியிலிருந்து அவன் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. ஜன்னல் இடுக்கில் பல் தெரியப் பேசிய அதே குரல்.

"சுலக்ஷனா, ரிசல்ட் வந்துச்சா?"

கோடு இன்னும் கொஞ்சம் நீண்டது. அம்மா கழுத்தைப் பொத்தவில்லை. என்னைத்தான் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

பானைக்குள் கைவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். வாசலுக்கு வந்தேன். என் தொண்டைக்குள் புகை நிரம்பியிருந்தது. தட்டு என் கையில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

மூட்டத்துக்குள்ளிருந்து கங்காணி கேட்டார். "ஆறாம் காம்பரா, கணக்கு சரியில்லையே. எத்தன பேரு புள்ள?"

"மூனு பேரு கங்காணி," என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. எல்லா முகங்களும் திரும்பின. அம்மா என் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கும் பின்னால் இன்னொரு மூச்சு கேட்டது.

"ரிசல்ட் வந்துருச்சு கிஷாந்த். வியாழக்கெழம மூனு பத்துக்கே வந்துருச்சு. ஒனக்கு நோய் இல்ல."